'ஷேம் ஷேம்'னு பேர் வெச்ச எடத்தப் பத்தி புள்ள எப்படி வந்து சொல்லும்?

மும்பை தாராவில ஒரு சின்ன ரூம்ல ஞாயித்துக்கிழமை காலைல பத்து பன்னெண்டு பிள்ளைகளுக்கு தமிழ் எழுத்து சொல்லிக் குடுக்கறோம், நானும் இன்னும் ரெண்டு அக்காமாரும். ஒரு வாரம் உடம்பு உறுப்புகள் பாடம். கண்ணு, மூக்கு, தோள்னு ஒவ்வொண்ணா தொட்டுக் காமிச்சு சொல்லிட்டே வந்தோம், வயித்துக்குக் கீழ வந்ததும் மூணு பேருமே ஒரே தாவா தாவி தொடைக்குப் போயிட்டோம். ஒரு அஞ்சு வயசுப் பையன் விடல. "டீச்சர், நடுவுல உள்ளது?"ன்னு கேட்டான். ரூம் பூரா சிரிப்பு. ஒருத்தி "ஷேம் ஷேம்"னா, ஒருத்தன் "சூசூ"ன்னான், இன்னொருத்தன் இந்தில அம்மணம்னு அர்த்தம் வர்ற "நங்கு"ன்னான், ஒரு புள்ள மட்டும் ஒண்ணும் சொல்லாம ரெண்டு கையாலயும் மூஞ்சியப் பொத்திக்கிச்சு. நாங்களும் "சரி சரி அடுத்து முட்டி"ன்னு கடந்துட்டோம்.

வீட்டுக்கு வந்தப்பறம்தான் அது உறுத்துச்சு. இந்தப் பிள்ளைங்க வீட்ல திருநெல்வேலித் தமிழ் பேசும், சந்துல வெளையாடறப்ப இந்தி, ஸ்கூல்ல மராட்டி, டியூஷன்ல இங்கிலீஷ், ஒரே மூச்சுல நாலையும் கலந்து அடிக்கும். ஆனா உடம்புல அந்த ஒரு எடத்துக்கு நாலு மொழிலயும் ஒழுங்கா ஒரு பேர் கிடையாது. நாம குடுக்கல. குடுத்த பேரு 'ஷேம் ஷேம்'. குளிச்சுட்டு துணி இல்லாம ஓடி வந்தா கைதட்டி "ஷேம் ஷேம் பப்பி ஷேம்"னு பாசமாத்தான் சொல்றோம், ஆனா அதுல குழந்தை கத்துக்கறது ஒண்ணே ஒண்ணு, இந்த எடம்னா வெக்கம், இதப் பத்தி பேசினா எல்லாரும் சிரிப்பாங்க. நாளைக்கு யாராவது அந்த எடத்துல கைய வெச்சா அந்தப் புள்ள எந்த வார்த்தைய வெச்சு யார்கிட்ட வந்து சொல்லும்?

செல்லப் பேரும் இதே சிக்கல்தான். சில வீட்ல பூன்னு சொல்லுவாங்க, சில வீட்ல பொம்மைம்பாங்க. "அங்கிள் என் பூவத் தொட்டாங்க"ன்னு ஒரு நாலு வயசுப் புள்ள கிளாஸ்ல சொன்னா டீச்சர் "அப்படியா, என்ன கலர் பூ?"ன்னு கேட்டுட்டு போயிடுவாங்க, அவங்க மேல தப்பே இல்ல. புள்ள தைரியமா வந்து சொல்லிடுச்சு, ஆனா சொன்னது யாருக்கும் போய்ச் சேரல, ரெண்டாவது தடவை அது வாயத் திறக்குமான்னு தெரியாது. அதனால மார்பு, பின்பக்கம், ஆணுறுப்பு, பெண்ணுறுப்புன்னு நேரான வார்த்தைய கண்ணு மூக்கு மாதிரியே சாதாரணக் குரல்ல சொல்லிக் குடுங்க. வாய் வரலையா, 'பிரைவேட் பார்ட்ஸ்'னாவது சொல்லுங்க, இந்த ஊர்ல எந்த மொழிக்காரங்ககிட்ட சொன்னாலும் புரியும். ரெண்டரை மூணு வயசுல குளிப்பாட்டும்போதே ஆரம்பிச்சிடலாம், அதுக்குன்னு உக்காத்தி வெச்சு பாடம் எடுக்க வேண்டாம்.

"இவ்ளோ சின்னப் புள்ளகிட்ட போய் இதெல்லாமா"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரு கணக்கு சொல்றேன். 2007ல மத்திய அரசோட பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஒரு பெரிய ஆய்வு வெளியிட்டாங்க, 13 மாநிலத்துல 12,447 பிள்ளைங்ககிட்ட பேசி எடுத்தது. அதுல 53 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைல பாலியல் அத்துமீறலைச் சந்திச்சதா சொன்னாங்க. ஏதோ ஒரு வகைன்னா ரொம்பக் கடுமையானதுலேர்ந்து அசிங்கமான படம் காட்டறது வரைக்கும் எல்லாம் சேர்த்துத்தான், ஆனாலும் பாதிக்கு மேலங்கறது சின்ன நம்பர் இல்ல. அப்படிச் சொன்னவங்கள்ல ஆம்பளப் பிள்ளைங்கதான் கொஞ்சம் அதிகம், கிட்டத்தட்ட 53க்கு 47. பையன்தானே நமக்கென்ன பயம்னு இருக்கற வீடுங்க இத ரெண்டு தடவை படிக்கணும். பெரும்பாலான பிள்ளைங்க நடந்தத யார்கிட்டயுமே சொல்லலங்கறதும் அதே ஆய்வுல இருக்கு. எனக்கு எல்லாத்தையும் விட இந்தக் கடைசி விஷயம்தான் முக்கியமாப் படுது, இந்தக் கட்டுரை முழுக்க அதப் பத்தித்தான்.

யார் பண்றாங்கங்கறதுலயும் நம்ம மனசுல உள்ள படம் தப்பு. பிள்ளைங்ககிட்ட நாம சொல்றது "தெரியாதவங்க சாக்லேட் குடுத்தா வாங்காத, புள்ளப் பிடிக்கறவன் வருவான்". தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட வருஷாந்திர அறிக்கைய எடுத்துப் பாத்தா, பிள்ளைங்கள பாலியல் குத்தங்கள்லேர்ந்து காக்கற போக்சோ சட்டத்துல பதிவாகற வல்லுறவு கேஸ்கள்ல 100க்கு 90க்கு மேல குழந்தைக்குத் தெரிஞ்ச ஆள்தான், அதுல டீன் ஏஜ் காதல் கேஸும் கலந்திருக்கு, அதக் கழிச்சாலும் படம் பெருசா மாறாது. சொந்தக்காரர், பக்கத்து வீட்டு ஆள், டியூஷன் எடுக்கறவர், வேன் ஓட்டறவர், அப்பாவோட ஃப்ரெண்ட்.

அதுலயும் நம்ம மும்பைத் தமிழ் வாழ்க்கைல 'தெரிஞ்சவங்க'ங்கற வட்டம் எவ்ளோ பெருசுன்னு யோசிச்சுப் பாருங்க. பத்துக்குப் பத்து ரூம்ல அஞ்சு பேரு, ஊர்லேர்ந்து வேலை தேடி வந்த பையன் ரெண்டு மாசம் நம்ம வீட்ல தங்குவான், புள்ளைக்கு அவன் அண்ணன். கீழ் வீட்டுக்காரர் மாமா, மளிகைக் கடைக்காரர் மாமா, வாட்ச்மேன் அங்கிள், ரிக்‌ஷாக்காரர் பையா, மாடி வீட்டு மராட்டிக்காரர் காகா. வாய் நிறைய முறை வெச்சுக் கூப்பிடச் சொல்லித்தான் வளக்கறோம், அது நல்ல பழக்கம், நான் அத விடச் சொல்லல. தாராவி மாதிரி எடத்துல அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போனா அக்கம்பக்கம்தான் புள்ளையப் பாத்துக்குது, அந்த அக்கம்பக்கம் இல்லன்னா எங்க ஜனங்க இந்த ஊர்ல தலைமுறை தலைமுறையா நின்னிருக்கவே முடியாது. ஆனா எல்லாரும் மாமாவா இருக்கற ஊர்ல 'தெரியாதவங்ககிட்ட ஜாக்கிரதை'ங்கற பாடம் குழந்தைக்கு எதுக்குமே உதவாது. ஆள வெச்சுச் சொல்ற பாடம் தோத்துப் போயிடும், நடத்தைய வெச்சுத்தான் சொல்லணும். யாரா இருந்தாலும், மாமாவா இருந்தாலும் டீச்சரா இருந்தாலும் அப்பாவா இருந்தாலும், இது பண்ணக் கூடாது, பண்ணா அம்மாகிட்ட சொல்லு. அவ்வளவுதான் விதி.

இந்த மாதிரி ஆளுங்க எப்படி நெருங்குவாங்கன்னு பெத்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும். பெரும்பாலும் முதல் நாளே ஒண்ணும் நடக்காது. முதல்ல நம்மகிட்டதான் நல்ல பேர் வாங்குவாங்க. கேஸ் சிலிண்டர் தூக்கிக் குடுப்பாங்க, ரேஷன் க்யூல நிப்பாங்க, "நீங்க போய்ட்டு வாங்க அக்கா நான் பாத்துக்கறேன்"பாங்க. குழந்தைக்கு மத்தவங்க குடுக்காத கவனத்தக் குடுப்பாங்க, மொபைல் குடுப்பாங்க, வடா பாவ் வாங்கித் தருவாங்க, அம்மா திட்டினா ஆறுதல் சொல்லுவாங்க. அப்புறம் மெல்ல சின்னச் சின்ன ரகசியம், "நான் ஐஸ்க்ரீம் வாங்கிக் குடுத்தத அம்மாகிட்ட சொல்லாத, திட்டுவாங்க". இது ஒரு பரீட்சை மாதிரி, புள்ள போய்ச் சொல்லுதா இல்லையான்னு பாக்கறது. கிச்சுகிச்சு மூட்டறது, மடில உக்கார வெக்கறது, மல்லுக்கட்டி வெளையாடறது, அதுக்குள்ள கை எங்க போகுதுன்னு ஒரு பரீட்சை. அத்தனையும் தாண்டினப்பறம்தான் பெரிய விஷயம் நடக்கும், அது நடக்கறப்ப புள்ளைக்கு தானும் இதுல கூட்டுன்னு தோணிடும், ஐஸ்க்ரீம் சாப்ட்டோமே, மொபைல் பாத்தோமே, இப்ப சொன்னா நமக்குத்தான் அடி விழும்னு. பயமுறுத்தல்லாம் அதுக்கப்புறம்தான் வரும், சில நேரம் வரவே தேவையில்லாம போயிடும்.

அதனாலதான் 'குட் டச், பேட் டச்'னு மட்டும் சொல்லிக் குடுக்கறது எனக்குப் போதாதுன்னு படுது. பல ஸ்கூல்ல இந்த ஒரு வரியோட நிறுத்திக்கறாங்க, ஒண்ணும் இல்லாததுக்கு இது மேல்தான், ஆனா புள்ள எடத்துல நின்னு யோசிங்க. ஊசி போட்டா வலிக்குது, காயத்துக்கு அம்மா மருந்து போட்டா எரியுது, அப்ப அது பேட் டச்சா? ஒரு ஆள் மெதுவா தடவிக் குடுக்கறான், கிச்சுகிச்சு மூட்டறான், கெட்டதாத் தெரியல, சிரிப்புதான் வருது, அப்ப அது குட் டச்சா? உடம்பு சில நேரம் தானா கூசும், சுகமாக் கூட இருக்கும், அது புள்ளையோட தப்பில்ல, ஆனா 'பேட்'னு சொல்லி வெச்சா "எனக்குக் கெட்டதா தோணலையே, அப்ப நான்தான் கெட்டவளோ"ன்னு அது உள்ளுக்குள்ள ஒடுங்கிடும். உணர்ச்சிய வெச்சு புள்ளையத் தீர்ப்பு சொல்லச் சொல்றது நியாயமில்ல. அத விட ரோடு தாண்டற விதி மாதிரி ஒரு விதியாச் சொல்லிட்டா ஈசி. ஜட்டி, பனியனுக்குள்ள இருக்கற எடம் உன்னோடது. சுத்தம் பண்றதுக்கும் ஒடம்பு சரியில்லாதப்பவும் தவிர யாரும் அங்க பாக்கவோ தொடவோ கூடாது, அவங்களோடதத் தொடச் சொல்லவோ காட்டவோ கூடாது, ஃபோட்டோ எடுக்கக் கூடாது, அந்த மாதிரி படமும் காட்டக் கூடாது. டாக்டர் பாக்கணும்னா அம்மாவோ அப்பாவோ கூட இருக்கணும். ஐரோப்பிய நாடுகளோட அமைப்பான ஐரோப்பா கவுன்சில் 2010ல ஆரம்பிச்ச பிரசாரத்துலயும் இதே மாதிரி 'உள்ளாடை விதி'ன்னு பேர் வெச்சே ஒண்ணு இருக்கு.

இப்ப நம்ம வீட்டுக்குள்ள வருவோம், இதான் கஷ்டமான எடம். ஊர்லேர்ந்து பெரியவங்க வந்திருக்காங்க, தாதர் ஸ்டேஷன்லயே "மாமாவுக்கு ஒரு முத்தம் குடு"ன்னு சொல்றோம், புள்ள அம்மா பின்னாடி ஒளியுது, "ச்சே மரியாதை தெரியாத புள்ள"ன்னு இழுத்து முன்னாடி விடறோம். எங்க வீட்லயும் நடந்திருக்கு, நானே இழுத்து விட்டிருக்கேன். ஒரு பக்கம் 'வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு'ங்கறோம், இன்னொரு பக்கம் வேண்டாம்னு சொன்ன புள்ளையத் திட்டறோம். புள்ள ரெண்டாவதைத்தான் எடுத்துக்கும், ஏன்னா அது கண்ணால பாத்தது. என் மக நாலு வயசுல இருந்தப்ப வீட்ல ஒரு பழக்கம் கொண்டு வந்தோம், வந்தவங்களுக்கு வணக்கம் சொல்றது கட்டாயம், கட்டிப் பிடிக்கறதும் முத்தம் குடுக்கறதும் அவ இஷ்டம். மரியாதைக்கு வணக்கம் இருக்கு, கும்பிட்டுக்கோ, தண்ணி கொண்டு வந்து குடு, அது போதும். எங்க ஆச்சிக்கு முதல்ல மனசு கஷ்டமாயிடுச்சு, "நான் தொட்டாக்கூடவா கேக்கணும்"னாங்க. "ஆச்சி, ஒங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிப் பழகினாத்தான் நாளைக்கு வேற எவன்கிட்டயாவது சொல்ல வாய் வரும், ஒங்ககிட்ட தானே பயமில்லாம பழக முடியும்"னு சொன்னேன். ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் "ஏட்டி, ஆச்சி மடிக்கு வாரியா"ன்னு கேட்டாங்க, இவ ஓடிப் போய் விழுந்தா. கிச்சுகிச்சுலயும் இதே சட்டம், புள்ள "போதும்"னா அந்த நொடி நிறுத்தணும், சிரிச்சுக்கிட்டே சொன்னாலும் நிறுத்தணும்.

மே மாச லீவு பத்தியும் சொல்லணும். இங்க அப்பா அம்மாவுக்கு லீவு கிடைக்காது, நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல தெரிஞ்ச குடும்பத்தோட பிள்ளைங்கள ஏத்தி விட்டுட்டு ஒன்றரை மாசம் ஊர்ல விட்டுடுவோம். தாத்தா வீடு, தோப்பு, கிணறு, நுங்கு, அதெல்லாம் பிள்ளைங்களுக்குக் கிடைக்கணும், கிடைக்காம பண்ணிடாதீங்க. ஆனா கல்யாண வீட்டு மண்டபத்துல இருவது பேர் வரிசையாப் படுக்கறப்ப யார் பக்கத்துல யார் படுத்திருக்காங்கன்னு ஒருத்தர் பொறுப்பெடுத்துப் பாக்கணும், போறதுக்கு முன்னாடியே "அங்க ஏதாவதுன்னா யார்கிட்ட சொல்லுவ"ன்னு கேட்டு ஒரு பெரியம்மாவோ அத்தையோ புள்ளையே தேர்ந்தெடுக்கட்டும், தினம் ஒரு தடவை ஃபோன்ல அதுகிட்ட தனியாப் பேசுங்க, ஸ்பீக்கர் இல்லாம. திரும்பி வந்ததும் "எப்படி இருந்துச்சு"ன்னு கேட்டா "ஜாலி"ன்னுதான் வரும், "எது பிடிச்சுது, எது பிடிக்கல, யாரோட இருக்கப் பிடிச்சுது, யாரோட இருக்கப் பிடிக்கல"ன்னு கேளுங்க. ஒரு குறிப்பிட்ட ஆள் வீட்டுக்கு மட்டும் போகமாட்டேன்னு புள்ள அடம் பிடிச்சா அத திமிர்னு நினைக்காதீங்க.

ரகசியத்துக்கும் சர்ப்ரைஸுக்கும் வித்தியாசம் சொல்லிக் குடுக்கறது ஆறு ஏழு வயசுலயே முடியும். அப்பா பர்த்டேக்கு கேக் வாங்கி வெச்சிருக்கறது சர்ப்ரைஸ், கொஞ்ச நாள்ல எல்லாருக்கும் தெரிஞ்சிடும், எல்லாரும் சிரிப்பாங்க. 'எப்பவும் யார்கிட்டயும் சொல்லாத'ங்கறது ரகசியம், நம்ம வீட்ல அந்த மாதிரி ரகசியமே கிடையாது, யார் அப்படிச் சொன்னாலும் வந்து சொல்லலாம், சத்தியம் பண்ணியிருந்தாலும் பரவால்ல, சாமி கோச்சுக்காது. இந்தக் கடைசி வரிய விட்டுடாதீங்க, பிள்ளைங்க சாமி மேல பண்ண சத்தியத்துக்கு நெசமாவே பயப்படும்.

சரி, வார்த்தை குடுத்தாச்சு, விதி குடுத்தாச்சு, அப்புறமும் புள்ள ஏன் சொல்லாதுன்னா, நாம எப்படிக் கேப்போம்னு அதுக்கு ஏற்கனவே தெரியும். ஸ்கூல்ல பென்சில் தொலைச்சுட்டு வந்து சொன்னா என்ன கிடைச்சுது? "ஒனக்கு எத்தன தடவ சொல்றது"ன்னு ஒரு அடி. பக்கத்து வீட்டுப் பையன் தள்ளிவிட்டான்னு சொன்னா? "நீ ஏன் அங்க போன". ஹோம்வொர்க் மறந்தத தானா வந்து சொன்னா? இந்தச் சின்ன விஷயம் ஒவ்வொண்ணும் புள்ளைக்கு ஒரு ஒத்திகை, சொன்னா என்ன நடக்கும்னு அது பாத்துக்கிட்டே இருக்கு. பென்சிலுக்கே அடிக்கற அம்மாகிட்ட மாமாவப் பத்தி அது சொல்லாது. நான் ஒரு மாசம் வீம்பா முயற்சி பண்ணிப் பாத்தேன், மக எதை உடைச்சேன்னு வந்து சொன்னாலும் முதல் வார்த்தை "சொன்னது நல்லதாச்சு", அதுக்கப்புறம்தான் மத்தது. முதல் வாரம் பல்லக் கடிச்சுக்கிட்டு சொன்னேன். அப்புறம் அவ சொல்ற விஷயம் கூடிக்கிட்டே போச்சு, ஸ்கூல் பஸ்ல ஒரு பெரிய பையன் எல்லார் பாவாடையையும் இழுக்கறான்னு அந்த மாசம்தான் எனக்கே தெரிஞ்சுது, அது ஆறு மாசமா நடந்துக்கிட்டு இருந்திருக்கு.

இன்னொண்ணு, 'கத்து, ஓடு, சொல்லு'ன்னு சொல்லிக் குடுக்கறோம், நல்லதுதான், பாயிண்ட் பாயிண்டா நடிச்சுக் காட்டிப் பழக்கணும், ஆனா கத்த முடியலன்னா அது புள்ளையோட தோல்வி இல்லங்கறதையும் சேத்துச் சொல்லணும். பயத்துல உடம்பு மரத்துப் போறது பெரியவங்களுக்கே நடக்கற விஷயம், லோக்கல் ட்ரெயின் கூட்டத்துல எவனாவது கைய வெச்சப்ப நம்மள்ல எத்தன பேருக்கு உடனே குரல் வந்துச்சு? முப்பது வயசுல வராத குரல் அஞ்சு வயசுல வரணும்னு எதிர்பாக்கக் கூடாது. "கத்த முடியலன்னாலும் பரவால்ல, அன்னைக்கே சொல்ல முடியலன்னாலும் பரவால்ல, எத்தன நாள் கழிச்சு சொன்னாலும் நான் நம்புவேன்"னு சொல்லி வெக்கணும்.

இதெல்லாம் சொல்லிக் குடுத்தா பலன் இருக்கான்னு கேட்டா, ஸ்கூல்ல நடக்கற பாதுகாப்புப் பாடங்களப் பத்தின 24 ஆய்வுகள ஒண்ணாச் சேத்து மருத்துவ ஆய்வுகளத் தொகுத்துப் பாக்கற காக்ரேன் அமைப்பு 2015ல ஒரு பரிசீலனை வெளியிட்டுச்சு, மொத்தம் 5,802 பிள்ளைங்க. பிள்ளைங்களுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கறது கூடுது, தன்னைக் காத்துக்கற நடவடிக்கை கூடுது, கத்துக்கிட்டது சில மாசம் கழிச்சும் மறக்கல, இந்தப் பாடத்தால பயமோ பதட்டமோ கூடல. 'பேசினா புள்ள பயந்துடும்'னு சொல்றவங்களுக்கு இது நல்ல பதில். அதே நேரம் பாடம் நடத்தினதால அத்துமீறலே குறைஞ்சு போச்சுன்னு அந்த ஆய்வு நிரூபிக்கல, அதுவும் தெரிஞ்சுக்க வேண்டியதுதான். ஏன்னா நிறுத்த வேண்டியது பெரியவங்க பண்ற குத்தம், அத நாலு வயசுப் புள்ள தலைல கட்ட முடியாது. புள்ளைக்கு நாம குடுக்கற பாடம் ஒரு குடை, மழைய நிறுத்தற வேலை நம்மளோடது. மும்பைல 2006ல ஆரம்பிச்ச அர்ப்பண்னு ஒரு அமைப்பு இந்தப் பாதுகாப்புக் கல்விய ஸ்கூல்கள்ல நடத்தறாங்க, சென்னைல துளிர்னு ஒரு அமைப்பு இருக்கு, அவங்க பிள்ளைங்களுக்கு மட்டும் இல்லாம பெத்தவங்களுக்கும் டீச்சர்களுக்கும் சேத்தே நடத்தறது இந்தக் காரணத்தாலதான்.

2024 ஆகஸ்ட்ல மும்பை பக்கத்துல பத்லாபூர்ல நடந்தது ஞாபகம் இருக்கும். நாலு வயசுப் பெண் பிள்ளைங்க ரெண்டு பேர், ஸ்கூலுக்குள்ளயே, அங்க வேலை பாத்த ஆளே. ஜனங்க தண்டவாளத்துல இறங்கி மணிக்கணக்கா ட்ரெயின நிறுத்தினாங்க, பம்பாய் ஹைகோர்ட் தானா வழக்கை எடுத்துச்சு, ஸ்கூல்ல எல்லாம் சிசிடிவி வெக்கணும்னு மாநில அரசு உத்தரவு போட்டுச்சு. அந்த வாரம் எங்க பில்டிங் லிஃப்ட்ல, மீன் மார்க்கெட்ல எல்லாம் இதே பேச்சு, எங்க ஸ்கூல்ல கேமரா இருக்கா உங்க ஸ்கூல்ல இருக்கான்னு. கேமரா வேணும், டாய்லெட்டுக்குக் கூட்டிட்டுப் போக ஆயாம்மா வேணும், வேலைக்கு வர்ற ஒவ்வொருத்தரையும் போலீஸ் வெரிஃபிகேஷன் பண்ணணும், பெத்தவங்க மீட்டிங்ல இதக் கேக்கக் கூச்சப்படாதீங்க. ஆனா கேமரா வெக்க முடியாத எடத்துலதான், வீட்டுக்குள்ள, ஊர்ல, டியூஷன் ரூம்ல, நிறைய நடக்குது. அங்க இருக்கற ஒரே கேமரா புள்ளையோட வாய்.

அப்படி ஒரு நாள் புள்ள வந்து சொல்லிட்டா, அந்த முதல் பத்து நிமிஷம் நம்ம மூஞ்சி எப்படி இருக்குங்கறதுதான் எல்லாம். அழாதீங்க, கத்தாதீங்க, தலைல அடிச்சுக்காதீங்க, முடியாதுதான், ஆனா நீங்க உடைஞ்சா 'நான் சொன்னதாலதான் அம்மாவுக்கு இப்படி ஆச்சு'ன்னு அது அப்பவே மாத்திச் சொல்லிடும். "சொன்னது ரொம்ப நல்லது. நான் நம்பறேன். இது ஒன் தப்பில்ல. இனிமே நான் பாத்துக்கறேன்." இந்த நாலு வாக்கியம் போதும். "ஏன் அங்க போன", "ஏன் அப்பவே சொல்லல"ன்னு ஏன் போட்டு எதுவும் கேக்காதீங்க. தோண்டித் தோண்டி விவரம் கேக்காதீங்க, அத்தைகிட்ட ஒரு தடவ சித்தப்பாகிட்ட ஒரு தடவன்னு திரும்பத் திரும்பச் சொல்ல வெக்காதீங்க, அது என்ன வார்த்தைல சொல்லுச்சோ அதே வார்த்தைல தேதி போட்டு ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கோங்க. அந்த ஆள் முன்னாடி புள்ளைய நிறுத்தி "சொல்லு, இவரா பண்ணாரு"ன்னு பஞ்சாயத்து வெக்கறது நம்ம ஜனங்ககிட்ட இருக்கற மோசமான பழக்கம். அப்புறம் நாள் கழிச்சு புள்ளையே "அப்படி ஒண்ணும் நடக்கல, சும்மா சொன்னேன்"னு சொல்லலாம். அமெரிக்க மனநல மருத்துவர் ரோலண்ட் சம்மிட் 1983லயே எழுதினாரு, சொல்லத் தாமதிக்கறதும், சொன்னத மாத்திக்கறதும் இந்தப் பிள்ளைங்ககிட்ட அடிக்கடி பாக்கறதுதான்னு. குடும்பமே ஆடிப்போறதப் பாத்து பழையபடி ஆக்கிடணும்னு அது வார்த்தைய முழுங்கிடும். மாத்திச் சொன்னதால மட்டும் பொய்னு முடிவு பண்ணிடக் கூடாது.

சட்டம் பத்தி நிறையப் பேருக்குத் தெரியாதது சிலது இருக்கு. போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14லேர்ந்து நடப்புல இருக்கு, 18 வயசுக்குக் கீழ உள்ள பையன், பொண்ணு எல்லாருக்கும். விஷயம் தெரிஞ்ச யாரா இருந்தாலும், டாக்டரோ டீச்சரோ பக்கத்து வீட்டுக்காரரோ, போலீஸ்ல சொல்லணும்னு 19வது பிரிவு சொல்லுது, மறைச்சா அதுவே குத்தம், நல்லெண்ணத்துல சொன்னவங்க மேல கேஸ் போட முடியாது. புள்ளைய ஸ்டேஷனுக்கு இழுத்துக்கிட்டுப் போகணும்னு இல்ல, வீட்லயோ அதுக்குப் பிடிச்ச எடத்துலயோ வாக்குமூலம் எடுக்கணும், முடிஞ்ச வரைக்கும் பெண் அதிகாரி, யூனிஃபார்ம் இல்லாம. எஃப்ஐஆர் இல்லன்னு ஆஸ்பத்திரில திருப்பி அனுப்பக் கூடாது, அவசர சிகிச்சைக்கு எந்தப் பேப்பரும் கேக்கக் கூடாதுன்னு 2020 விதிகள்ல இருக்கு. நம்மள மாதிரி வெளியூர் வந்து பொழைக்கறவங்களுக்கு முக்கியமானது, எழுதற மொழி புள்ளைக்குப் புரியலன்னா மொழிபெயர்ப்பாளர் குடுக்கணும்னு அதே 19வது பிரிவுல இருக்கு. இங்க ஸ்டேஷன்ல மராட்டில எழுதுவாங்க, நம்ம புள்ள தமிழ்ல "அங்ங தொட்டாவ"ன்னு சொல்லும், நடுவுல அப்பா அரைகுறை இந்தில சொல்றது வாக்குமூலம் ஆகிடக் கூடாது, "தமிழ் தெரிஞ்ச ஒருத்தர் வேணும்"னு கேளுங்க, அது உரிமை. துணிக்கு மேல தொட்டதுக்கு போக்சோ பொருந்தாதுன்னு 2021 ஜனவரில பம்பாய் ஹைகோர்ட்டோட நாக்பூர் கிளைல ஒரு தீர்ப்பு வந்துச்சு, அத அந்த வருஷம் நவம்பர்லயே சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு, ஆகவே 'சும்மா துணிக்கு மேலதானே'ன்னு யாராவது சமாதானம் சொன்னா கேக்காதீங்க. 1098க்கு ராத்திரி பகல் எப்ப வேணா ஃபோன் பண்ணலாம், காசு கிடையாது, 1996ல இதே மும்பைல ஆரம்பிச்ச சேவை அது, இப்ப அரசாங்கம் 112ஓட இணைச்சு நடத்துது. பிள்ளைங்களுக்கு இந்த நம்பர பாட்டு மாதிரி மனப்பாடம் பண்ண வெக்கலாம், பத்து ஒம்பது எட்டு, இறங்கு வரிசைதான்.

அந்த உடம்புப் பாடத்துக்கு வர்றேன். அடுத்த ஞாயிறு முன்னாடியே பெத்தவங்களக் கூப்பிட்டுப் பேசினோம், ஏழு பேர் வந்தாங்க, அதுல ஒரே ஒரு அப்பா. கொஞ்சம் சத்தம், ஒரு அம்மா எழுந்து போனாங்க, மத்தவங்க "நீங்களே சொல்லிடுங்க டீச்சர், எங்களுக்கு வாய் வராது"ன்னாங்க, "இல்ல, நீங்களும் வீட்ல சொல்லணும்"னு அவங்களையும் சேத்து ஒரு தடவ சொல்ல வெச்சோம். அப்புறம் பிள்ளைங்கள நிக்க வெச்சு தலைமுடிலேர்ந்து பாதம் வரைக்கும் எங்கயும் தாவாம சொன்னோம். முதல் தடவ ஒரே சிரிப்பு. ரெண்டாவது தடவ மூலைல மட்டும் கொஞ்சம். மூஞ்சியப் பொத்தின புள்ள அன்னைக்கும் வாயத் திறக்கல, ஆனா கைய எடுத்துட்டுப் பாத்துக்கிட்டு இருந்துச்சு. மூணாவது தடவ பாதி வழில அந்த அஞ்சு வயசுப் பையன் கைய தூக்கிட்டான், "டீச்சர், அதான் தெரிஞ்சிடுச்சே, முட்டிக்குப் பின்னாடி இருக்கே ஒரு குழி, அதுக்குப் பேர் என்ன?"